முட்டு கொடுத்தா ரிப்பேர் ஆயிடுமா?

ஒரு பொருளைச் சரி பண்றது வேற, சமாளிக்கறது வேற. நாம ரெண்டாவதுல கில்லாடிங்க. ஆடுற டேபிளுக்கு அடியில மடிச்ச பேப்பர், ஓடாத ஃபேனுக்கு குச்சியால ஒரு சுத்து, மக்கர் பண்ற ரிமோட்டுக்கு உள்ளங்கையில நாலு தட்டு. இதுக்கெல்லாம் பொதுவா ஒரு பேர் வெச்சுக்கலாம்: முட்டு. முட்டு கொடுக்கறது ஒரு கலைதான், மறுக்கல. ஆனா கேஸ் விஷயத்துல முட்டு கொடுக்கறவங்களைப் பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வருது. "கேஸ்னாலே கை வைக்காத, மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு"ன்னு சொல்றவங்களைப் பார்த்தாலும் அதே அளவு வருது. இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டைப் பத்திதான் இந்தப் பதிவு.

மேட்டர் என்னன்னா, கேரவன் குக்கரோட கிரில். உடனே ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோயின் ஏசி போட்டு உக்கார்ற வண்டியையும், விசில் அடிக்கிற குக்கரையும், கடை வாசல்ல கம்பியில சுத்துற கோழியையும் நினைச்சுக்காதீங்க மக்களே. இங்கிலாந்துல கேரவன்னா கார் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற சின்ன வீடு. குக்கர்னா மேல அடுப்பு, கீழ அவன், நடுவுல கிரில்னு மூணும் சேர்ந்த ஒரே பொட்டி. கிரில்னா தீ மேல இருந்து கீழ நோக்கி அடிக்கும். பிரெட்டைக் கீழ வெச்சா மேல் பக்கம் மொறுமொறுன்னு ஆகும். மழை கொட்டுற வேல்ஸ்ல, சுத்தி ஆடுங்க மேய, சூடா சீஸ் டோஸ்ட் கிடைக்கறது சொர்க்கம்னு வெச்சுக்கோங்க.

1997-க்கு அப்புறம் இங்க லைசென்ஸ் எடுத்தவங்க கனமான கேரவனை இழுக்கணும்னா தனியா ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணியாகணும்னு சட்டம் இருந்துச்சு. 2021 டிசம்பர் 16-லேர்ந்து அது போயே போச்சு. கார் தாங்குற அளவுக்குள்ள இருந்தா 3,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். அதனால என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களும் இப்ப செகண்ட் ஹேண்ட் கேரவனைத் தேட ஆரம்பிச்சாச்சு. நாங்க மூணு குடும்பம் சேர்ந்து பங்கு போட்டு ஒண்ணு வாங்கினோம். பழசு. கிரில் பத்தும், நாப்பை அழுத்திப் பிடிச்சிருக்குற வரைக்கும் ஜோரா எரியும், கையை எடுத்தா "டிக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான், அணைஞ்சிடும்.

எங்க கூட்டாளி ஒருத்தர் இதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சார். கேரவன் உள்ள நடக்கற வழி ரொம்பக் குறுகல் இல்லையா, குடையோட ஒரு முனையை நாப்புல வெச்சு, இன்னொரு முனையை எதிர்ல இருக்கற அலமாரில அண்டக் கொடுத்துட்டார். நாப் அழுந்தினபடியே நின்னுது, கிரில்லும் எரிஞ்சுது. "பாத்தியாடா மச்சி, இஞ்சினியரிங்!"னு என்கிட்ட காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார். நான் குடையை உருவிட்டேன். "ரெண்டு நிமிஷம் டோஸ்ட் போடறதுக்கு எதுக்குடா இவ்ளோ சீன்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

அந்த "டிக்" சத்தம் கோளாறோட சத்தம் இல்ல, ஒரு காவக்காரனோட சத்தம். கிரில் பர்னர் பக்கத்துல பென்சில் முனை மாதிரி ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேர் தெர்மோகப்புள். ரெண்டு வேற வேற உலோகத்தை ஒட்டி, ஒட்டின இடத்தைச் சூடு பண்ணினா அதுல கொஞ்சூண்டு மின்சாரம் பொறக்கும். இந்த விளைவை 1821-ல ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கவனிச்சார். காலேஜ்ல படிச்சோம், பரீட்சை எழுதினோம், மறந்துட்டோம். தீயில காய்ஞ்சுக்கிட்டு இருக்கற நல்ல தெர்மோகப்புள் சுமாரா 20 மில்லிவோல்ட் கொடுக்கும்னு வெச்சுக்கோங்க. டார்ச்சுல போடற 1.5 வோல்ட் பேட்டரில 75-ல ஒரு பங்கு. அவ்ளோ சின்ன மின்சாரம், நாப்புக்குப் பின்னாடி இருக்கற ஒரு குட்டி மின்காந்தத்துக்குப் போகுது.

நாம நாப்பை அழுத்தறப்ப ஒரு வால்வைக் கையால திறக்கறோம். பத்துப் பதினைஞ்சு செகண்ட்ல கம்பி முனை சூடாகி, அந்த மின்காந்தம் வால்வைத் திறந்தபடி பிடிச்சுக்கும். நாம கையை எடுக்கலாம். வால்வைத் திறக்கற சக்தி அந்த மின்காந்தத்துக்குக் கிடையாது, திறந்ததைப் பிடிச்சுக்க மட்டும்தான் தெரியும். காத்துல தீ அணைஞ்சா முனை ஆறும், மின்சாரம் குறையும், காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் வால்வை மூடும். "டிக்". பேட்டரி இல்ல, சிப் இல்ல, ஒரு வரி கோட் இல்ல. தீ இல்லைனா கேஸ் இல்ல, அவ்ளோதான் லாஜிக். நான் வாழ்நாள் முழுக்க ஆணி புடுங்கினாலும் இவ்ளோ அழகான ஒரு சிஸ்டத்தை எழுதுவேனான்னு சந்தேகம்தான்.

நம்மூர்ல பெரும்பாலான ரெண்டு பர்னர் அடுப்புல இது கிடையாது. பால் பொங்கி தீ அணைஞ்சா கேஸ் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அங்க காவக்காரன் அம்மாவோட மூக்கு. எல்.பி.ஜிக்கு சொந்த வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன் மாதிரி நாத்தம் பிடிச்ச சமாச்சாரத்தைக் கலந்து விடறாங்க. அதனால வளர்ந்த பழக்கத்துல நமக்கு இந்த வால்வு ஒரு தொந்தரவா தெரியுது. கையை எடுத்தா அணையுதே, சனியன்!

இப்ப குடைக்கு வருவோம். குடை அந்த நாப்பை அழுத்திக்கிட்டே இருந்தா வால்வை இனிமே யாராலயும் மூட முடியாது. பெரும்பாலான கேரவன் கிரில்லை கதவைத் திறந்து வெச்சுதான் பயன்படுத்தணும், மூடினா சூட்டுல நாப்பெல்லாம் உருகிடும். திறந்த கதவு, வெளியில வேல்ஸ் காத்து, யாரோ ஒரு வாண்டு வாசக்கதவை படார்னு திறக்குது, தீ அணையுது. கேஸ் நிக்காது. புரோபேன் காத்தைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ரெண்டு மடங்கு. ரெண்டும் மேல போகாது, தண்ணி மாதிரி தரையில தேங்கும். நம்ம மூக்கு அஞ்சடி உயரத்துல இருக்கு, குழந்தைங்க படுத்திருக்கறது ஒன்றரை அடி உயரத்துல. மழைக்கு ஜன்னல் வேற மூடியிருக்கும். அப்புறம் யாராவது டீ போட அடுப்பைப் பத்த வைப்பாங்க.

இதை நம்ம பாஷையில சொல்றேன். புரோகிராம் எக்ஸப்ஷன் அடிக்குது. ஏன் அடிக்குதுன்னு பார்க்காம, சுத்தி ஒரு டிரை-கேட்ச் போட்டு, கேட்சுக்குள்ள ஒண்ணுமே எழுதாம விட்டா புரோகிராம் "ஓடும்". டெமோவும் நல்லாப் போகும். அப்புறம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் போன் வரும், அது தனிக்கதை. நமக்காவது போன் வரும். கேரவன்ல போன் வராது.

சரி, அடுத்த கோஷ்டி. குடையை உருவின மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு போன் போட்டோம். வண்டியைப் பார்க்கவே இல்ல, "வருஷம் என்ன? அடடா, பழசு. குக்கரையே மாத்திடுங்க"ன்னுட்டாங்க. பில் சில நூறு பவுண்டு வரும், லேபர் தனி. இதுவும் ஒரு முட்டுதான், என்ன, காசு கொடுத்து வாங்கற முட்டு. கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கற வேலையை யாருமே செய்யலையே!

இதுல சட்டமும் பெருசா துணைக்கு வராது. பிரிட்டன்ல 2021 ஜூலை 1-ல வந்த விதிப்படி வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவற மெஷின், ஃப்ரிட்ஜ், டிவி தயாரிக்கறவங்க உதிரி பாகம் கொடுத்தே ஆகணும். அந்த லிஸ்ட்ல குக்கர் கிடையாது. இந்தியாவுலயும் ரிப்பேர் உரிமைக்காக 2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை ஒரு போர்ட்டல் திறந்தாங்க. நல்ல ஆரம்பம்தான். ஆனா உரிமை மட்டும் இருந்து என்ன பண்றது? கோளாறு எதுன்னு பார்க்கற பொறுமை நமக்கு வேணாமா?

நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல்ல திருப்புளியைத் தொடவே இல்ல. யோசிச்சோம்.

ஒண்ணு: மேல இருக்கற அடுப்பு எல்லாம் ஒழுங்கா எரியுதா? எரியுது. அதுவும் மங்கலா எரிஞ்சிருந்தா கிரில்லைத் திட்டறதுல அர்த்தமே இல்ல, சிலிண்டரையோ ரெகுலேட்டரையோ பார்க்கணும். இங்க கேலர் சிலிண்டர்ல நீலம்னா பியூட்டேன், சிவப்புன்னா புரோபேன். பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரிலதான் கொதிக்கும், புரோபேன் மைனஸ் 42-லயே. அதனால உறையற குளிர்ல நீல சிலிண்டர்ல திரவம் இருக்கும், கேஸ் வராது. பனிக்காலத்துல "குக்கர் ரிப்பேர்"னு புலம்பறவங்கள்ல சிலபேருக்கு சிலிண்டர் கலரை மாத்தினாலே போதும்.

ரெண்டு: தீ பர்னர் முழுக்க சீரா, நீலமா வருதா? வருது. ஒரு ஓரம் எரியாம இருந்தாலோ, மஞ்சளா எரிஞ்சு கரி படிஞ்சாலோ அது வேற வியாதி. பெரும்பாலும் எங்கயோ அடைப்பு. குளிர்காலம் பூரா சும்மா நிக்கற கேரவன்ல சிலந்தி பர்னர் குழாய்க்குள்ள கூடு கட்டறது சகஜம்.

மூணு: அழுத்தினா எரியுது, விட்டா அணையுது. அப்ப கேஸ் வர்ற வழில பிரச்னை இல்ல, காவக்காரன்கிட்டதான் பிரச்னை. அதுலயும் நாலே நாலு வாய்ப்புதான். முனை அழுக்கா இருக்கலாம், முனை தீயை விட்டு விலகி இருக்கலாம், கம்பியோட மறுமுனை லூசா இருக்கலாம், இல்லைன்னா தெர்மோகப்புளோ காந்தமோ செத்திருக்கலாம்.

சிலிண்டரை மூடிட்டு, லைன்ல மிச்சம் இருந்த கேஸை எரிய விட்டு, எல்லாம் ஆறினப்புறம் கதவு ஜன்னலைத் திறந்து வெச்சு ஆரம்பிச்சோம். எங்க குக்கர்ல ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா முன்பக்க பேனல் வந்துடும். தெர்மோகப்புளோட மறுமுனை அங்கதான் இருக்கு. அதுக்குள்ள கேஸ் ஓடாது, அது வெறும் கம்பி. கழட்டி, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சு, முனையை லைட்டர் தீயில காட்டினா, முள்ளு மெதுவா ஏறி 20-ஐத் தாண்டுது. ஆள் உயிரோடதான் இருக்கார்! அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா, முனையைத் தாங்கற தகடு லேசா வளைஞ்சிருக்கு. கிரில் தட்டை உள்ள தள்ளும்போதெல்லாம் இடிச்சு இடிச்சு முனை தீயை விட்டே விலகிப் போயிருக்கு. பாவம், தீயையே பார்க்காதவன்கிட்ட போய் "தீ இருக்கா?"ன்னு கேட்டா என்ன சொல்வான்? இல்லைன்னான். கடமை தவறாம மூடினான்.

தகட்டை நேராக்கி, முனையைப் பாத்திரம் தேய்க்கற ஸ்க்ரப்பரால லேசா துடைச்சு, மறுமுனையைக் கையால முறுக்கி ஸ்பேனரால கால் சுத்து மட்டும் விட்டு, மூடினோம். பத்த வெச்சு பதினைஞ்சு எண்ணினதும் கையை எடுத்தேன், கிரில் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வேணும்னே ஊதி அணைச்சேன். கொஞ்ச நேரத்துல "டிக்". எரிஞ்சதைவிட அந்த டிக்தான் எனக்கு நிம்மதி. செலவு பூஜ்யம். தெர்மோகப்புளே செத்திருந்தாலும் புதுசு ஒண்ணு பத்துப் பதினைஞ்சு பவுண்டுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

அந்தக் கோடு எங்க இருக்குன்னு இப்ப சொல்லிடலாம். கேஸ் ஓடாத பாகம் நம்மளோடது, கேஸ் ஓடற பாகம் நம்மளோடது இல்ல. பார்க்கறது, யோசிக்கறது, துடைக்கறது, அளக்கறது, வளைஞ்ச தகட்டை நிமித்தறது, கம்பி மாத்தறது எல்லாம் நாம செய்யலாம். கேஸ் வர்ற குழாயில ஒரு நட்டு தளர்த்தணும்னாலோ, வால்வைப் பிரிக்கணும்னாலோ, குக்கரையே வெளிய இழுக்கணும்னாலோ அங்கயே நிறுத்திக்கணும். ஜெட்டுல ஊசி விட்டுக் குத்தறதும் கூடாது. பம்ப் ஸ்டவ்வுக்கு பின் போட்ட பரம்பரை நாம, கை தன்னால போகும். ஆனா கேஸ் ஜெட்டோட ஓட்டை கணக்கா போட்ட ஓட்டை. கொஞ்சம் பெருசானாலும் கேஸ் அதிகமாகி தீ மஞ்சளாயிடும்.

இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. இங்க 2009 ஏப்ரல் 1-லேர்ந்து கோர்ஜிக்குப் பதிலா கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்தான். அவங்க கார்டைத் திருப்பிப் பாருங்க, எந்தெந்த வேலைக்குத் தகுதின்னு பின்னாடி போட்டிருக்கும். வீட்டு பாய்லர் பார்க்கறவர் எல்லாருக்கும் கேரவன் எல்.பி.ஜி பார்க்கத் தகுதி இருக்காது. நாங்களும் அடுத்த சர்வீஸ்ல அப்படி ஒருத்தரைக் கூப்பிட்டு, நாங்க செஞ்சதைச் சொல்லி, முழுசா செக் பண்ணச் சொன்னோம். கோடு ரிவ்யூ மாதிரி நினைச்சுக்கோங்க, அதுல கவுரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

இன்னும் ரெண்டு முட்டு இருக்கு, அதையும் சொல்லாம விட்டா மனசு ஆறாது. கேரவன் தரையில அங்கங்க ஓட்டை விட்டிருப்பாங்க. குளிர் காத்து வருதுன்னு அதுல பழைய துணியைத் திணிக்கறவங்க உண்டு. கசியற கேஸ் தரை வழியா வெளிய போகட்டும்னுதான் அந்த ஓட்டை. இன்னொண்ணு கார்பன் மோனாக்சைடு அலாரம். தீயைக் காவல் காக்கற வால்வுக்கு இந்த விஷவாயுவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தீ மஞ்சளா எரிஞ்சு விஷத்தைக் கக்கினாலும் முனை சூடா இருக்கற வரைக்கும் அது திறந்துதான் வெச்சிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, அசதின்னு ஆரம்பிக்கும், நாம சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சுப் படுத்துடுவோம். அதனால இ.என். 50291-2ன்னு அச்சடிச்ச, கேரவனுக்குன்னே தரம் பார்த்த அலாரம் கட்டாயம் வேணும். அது ராத்திரி கத்துதுன்னு பேட்டரியைப் பிடுங்கறதும், நாப்புக்குக் குடை கொடுக்கறதும் என்னைப் பொறுத்தவரை ஒரே குணம்தான். அதேபோல கிரில் சூட்டுல குளிர் காயறது, மழைன்னு கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ள கொண்டு வர்றது, ரெண்டையும் தயவுசெஞ்சு மறந்துடுங்க.

"இவ்ளோ யோசிச்சா ஊர் சுத்தவே முடியாதே"ன்னு எங்க குடைக்காரர் இன்னமும் சொல்றார். நான் அவர்கிட்ட கேக்கறது ஒண்ணுதான். ஒரு பொருள் வேலை செய்யலைன்னா அது நம்மகிட்ட ஏதோ சொல்ல வருது. வாயைப் பொத்தப் போறோமா, காது கொடுக்கப் போறோமா? டேபிள் ஆடினா வாயைப் பொத்துங்க, காபி கொஞ்சம் சிந்தும், அவ்ளோதான். பதினஞ்சடி டப்பாக்குள்ள மூணு குழந்தைங்க தூங்கும்போது கேஸோட வாயைப் பொத்தக்கூடாது.

சரி மக்களே, உங்க வீட்ல, ஆபீஸ்ல என்னென்ன முட்டு ஓடிக்கிட்டு இருக்கு? வெக்கப்படாம சொல்லுங்க. டேபிள் பேப்பருக்கு மன்னிப்பு உண்டு, குடைக்குக் கிடையாது.